அறிமுக நூலா, ஆய்வு நூலா? வேத வாசிப்புக்குப் புத்தகம் தேர்வது எப்படி

காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிக் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போகிறவர், ஒரு நாளையே அதற்காக ஒதுக்கித்தான் போகிறார். போக வர நேரம் போனால், கடையில் நிற்கக் கிடைப்பது அரை மணி. அந்த அரை மணியில் அட்டையையும் தடிமனையும் பார்த்து வாங்கி வந்த புத்தகம், தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ ஓர் அலமாரியில் முப்பதாவது பக்கத்துச் சீட்டோடு அப்படியே நின்றுவிடுகிறது. படிக்கிறவரின் சோம்பலைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய கேள்வி ஒரு படியில் இருக்கிறது, வாங்கிய புத்தகம் வேறு படியில் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர், அன்பியத்தில் (கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழுவில்) பகிர்வு நடத்துகிறவர், உபதேசியார், சபையில் எப்போதாவது செய்தி கொடுக்கும் சாதாரண விசுவாசி ஆகியோருக்கான குறிப்புகள் இவை. இறையியல் கல்லூரி மாணவருக்கு ஆசிரியரே பட்டியல் கொடுத்துவிடுவார். ஊரில் தனியாகப் படிக்கிறவருக்குத்தான் கேட்க ஆளில்லை.

முதலில் ஒரு துண்டுச் சீட்டு

பஸ் ஏறுவதற்கு முன், உங்களைப் படிக்கத் தூண்டிய கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். எழுதிய வரியைப் பார்த்தாலே எந்த வகைப் புத்தகம் வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

“புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த வசனத்தை எனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா?” இது முறை பற்றிய கேள்வி. எந்த வசனத்தை எடுத்தாலும் இதே கேள்வி வரும். இதற்கு அறிமுக நூல்தான் வேண்டும். “எரேமியா புத்தகம் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஏன் சுருக்கமாக இருக்கிறது?” இது ஒரு புத்தகத்தைப் பற்றிய, ஒரு முடிச்சைப் பற்றிய கேள்வி. இதற்கு ஆய்வு நூல். “எழுதியவர் நினைத்ததுதான் பொருளா, வாசிக்கிறவருக்குப் புரிவதும் பொருளா?” இது மூன்றாவது வகை. விளக்கக் கோட்பாடு என்று தனித் துறையே இருக்கிறது. தத்துவப் பழக்கம் இல்லாமல் அதற்குள் போனால் மூச்சு முட்டும்.

சீட்டில் “வேதாகமம் எனக்கு நன்றாகப் புரியவேண்டும்” என்று மட்டும் எழுதியிருந்தால், இன்னும் கேள்வி பிறக்கவில்லை என்று பொருள். பணத்தைப் பையிலேயே வையுங்கள். மாற்கு நற்செய்தியை எடுங்கள். 16 அதிகாரம், ஒரே அமர்வில் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். மூன்று தடவை படியுங்கள். எங்கெங்கே தடுக்குகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகும் எந்தப் புள்ளி உறுத்துகிறதோ அதுவே உங்கள் கேள்வி. மூலம் படிக்காமல் உரை படிக்கிறவருக்குக் குறளில் என்ன நேருமோ அதுவே இங்கும் நேரும். பரிமேலழகர் சொன்னது நினைவில் நிற்கும், வள்ளுவர் சொன்னது நிற்காது.

அட்டையில் ‘அறிமுகம்’ என்று இருந்தால்

ஏமாறுகிற இடம் இதுதான். ஆங்கிலத்தில் ‘இன்ட்ரொடக்‌ஷன்’ என்ற சொல் மூன்று விதமான புத்தகங்களின் அட்டையில் வருகிறது.

முதலாவது, வேதாகமப் புத்தகங்களின் பின்னணி பற்றியது. யார் எழுதினார், எப்போது, யாருக்கு, அமைப்பு என்ன என்பவற்றைச் சொல்லும். கத்தோலிக்க அறிஞர் ரேமண்ட் பிரவுன் 1997-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு அறிமுகம் இந்த வகை. நல்ல நூல், ஆனால் தலையணை கனம். பெயரை நம்பி அதை முதல் புத்தகமாக வாங்கினவர்கள் மத்தேயுவைத் தாண்டுவதற்குள் களைத்துப்போவார்கள். அதை அலமாரியில் வைத்து வேண்டியபோது வேண்டிய அதிகாரத்தை மட்டும் திறக்கவேண்டும்.

இரண்டாவது, வாசிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது. கார்டன் ஃபீயும் டக்ளஸ் ஸ்டூவர்ட்டும் எழுதிய ‘ஹவ் டு ரீட் த பைபிள் ஃபார் ஆல் இட்ஸ் வொர்த்’ சீர்திருத்தச் சபைகளில் பரவலாகப் பயன்படும் எடுத்துக்காட்டு. அது நிருபங்களில் தொடங்கி, கதைப் பகுதி, உவமை, சட்டம், தீர்க்கதரிசனம், சங்கீதம், ஞான இலக்கியம், வெளிப்படுத்தல் என்று இலக்கிய வகை வகையாகப் போகும். அட்டையில் ‘அறிமுகம்’ என்ற சொல்லே இல்லாத இதுதான் உண்மையான அறிமுக நூல். கிளைன், பிளோம்பர்க், ஹப்பர்ட் மூவரும் சேர்ந்து எழுதிய நூலும் இதே வகைதான், ஆனால் இன்னும் ஒரு படி மேல். கல்லூரிப் பாடநூல் அளவு.

மூன்றாவது, கோட்பாட்டுத் துறைக்கான அறிமுகம். ஆன்டனி திசெல்டன் 2009-இல் எழுதியதன் பெயரிலும் ‘இன்ட்ரொடக்‌ஷன்’ உண்டு. அது அறிமுகம்தான், ஆனால் இறையியல் மாணவருக்கு அறிமுகம். அவரே 1980-இல் எழுதிய ‘த டூ ஹொரைசன்ஸ்’ ஹைடெகர், பல்ட்மன், காடமர், விட்கென்ஸ்டைன் என்ற நவீனச் சிந்தனையாளர் நால்வரை வைத்துப் பேசுகிறது. இந்த நான்கில் இரண்டு பெயராவது உங்களுக்கு முன்பே பழக்கமானதாக இல்லையென்றால், அந்த நூலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

தடிமனும் ஏமாற்றும். டி. ஏ. கார்சன் 1984-இல் எழுதிய ‘எக்ஸஜெட்டிக்கல் ஃபாலசீஸ்’ கையடக்கமான சிறு நூல். ஆனால் கிரேக்க இலக்கணம் கொஞ்சமாவது தெரிந்தவரை நினைத்து எழுதியது. மெலிந்திருப்பதால் எளிது என்று வாங்கக்கூடாது.

ஒரு வசனத்தை வைத்து இரண்டையும் பாருங்கள்

வாக்குத்தத்த அட்டைகளில் ஓயாமல் வரும் வசனம் எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.” வீட்டு முகப்பில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

நல்ல அறிமுக நூல் உங்களை என்ன செய்யச் சொல்லும்? வசனத்தை விட்டுவிட்டு அதிகாரத்தின் தலைப்புக்குப் போகச் சொல்லும். 29:1-இலேயே இது ஒரு கடிதம் என்று இருக்கிறது. கி.மு. 597-இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம். 5-ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். அப்படியானால் சீக்கிரம் திரும்பப்போவதில்லை. 10-ஆம் வசனத்தில் 70 வருஷம் என்று கணக்கே கொடுக்கிறார். ஓர் அதிகாரம் முன்னே போனால், அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லியிருக்கிறான் (28:3). ஆக, 11-ஆம் வசனத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அதன் நிறைவைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள். சமாதானமான வாக்குத்தத்தம்தான், ஆனால் ஒரு ஜனத்துக்கு, தலைமுறைக் கணக்கில் சொன்னது. ஆறுதல் குறையவில்லை, அதன் எடை கூடியிருக்கிறது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஆங்கில அறிமுக நூல்கள் இந்த வசனத்தின் ‘யூ’ பன்மை என்று விளக்கவேண்டியிருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் ஒருவரிடம் பேசினால் ‘நீ’, மரியாதைக்கு ‘நீர்’, பலரிடம் என்றால் ‘நீங்கள்’. இன்று நாம் பெரியவர் ஒருவரையே ‘நீங்கள்’ என்பதால், ‘உங்கள்பேரில்’ என்பது எனக்கு ஒருவனுக்கு மரியாதையாகச் சொன்னதுபோல் காதில் விழுகிறது. அந்த மொழிபெயர்ப்பில் அது பன்மை மட்டுமே. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த அறிமுக நூல் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், மொழிபெயர்த்தவர் வாசகரை நினைக்கவில்லை என்று அர்த்தம்.

இதே அதிகாரத்துக்கு ஆய்வு நூல் வேறு திசையில் போகும். கிரேக்க எரேமியா, எபிரேய எரேமியாவைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது. அதிகார வரிசையும் மாறியிருக்கிறது. நாம் 29 என்று எண்ணுவது அங்கே 36. எபிரேயத்தில் உள்ள 16 முதல் 20 வரையிலான வசனங்கள் கிரேக்கத்தில் இல்லை. எது முந்திய வடிவம், யார் சேர்த்தது, ஏன் என்று பக்கம் பக்கமாக வாதம் நடக்கும். அந்த வாதம் முக்கியமானது. ஆனால் “இது எனக்கா?” என்று கேட்டவருக்கு அதில் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் தேடிவிட்டு, “படிப்பு விசுவாசத்தைக் கெடுக்கிறது” என்று முடிவுக்கு வருகிறவர்களைப் பல சபைகளில் பார்க்கலாம். தவறு படிப்பில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

கடையில் நிற்கும் பதினைந்து நிமிடம்

முதலில் உள் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். முதல் பதிப்பு ஆண்டு அங்கே இருக்கும். மறு அச்சு ஆண்டைப் பார்த்து ‘புதுப் புத்தகம்’ என்று நினைத்துவிடாதீர்கள். மேத்யூ ஹென்றியின் விளக்கவுரை இன்றும் பளபள அட்டையில் கிடைக்கிறது. அவர் இறந்தது 1714. ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரை அவர் எழுதவே இல்லை, மற்ற போதகர்கள் முடித்தது. தியானத்துக்கு அருமையான நூல். ஆனால் பழைய ஏற்பாட்டின் மிகப் பழைய பிரதிகள் அடங்கிய சாக்கடல் சுருள்கள் 1947-இல்தான் கிடைத்தன. அதற்கு முன் எழுதியதில் பழைய ஏற்பாட்டு மூலபாடம் பற்றியோ இயேசு காலத்து யூத சமயம் பற்றியோ அந்தச் சுருள்கள் காட்டியவை கிடைக்காது.

அடுத்து பின்பக்கம். வசன அட்டவணை இருக்கிறதா? இருந்தால் உங்கள் கேள்வி வசனத்தைத் தேடி அந்தப் பக்கத்தை அங்கேயே படியுங்கள். இரண்டே வரியில் தாண்டிப்போனால் உங்கள் கேள்விக்கு இது உதவாது. அறிமுக நூலில் அட்டவணை இல்லாதது பெரிய குறையல்ல. ஆய்வு நூலில் இல்லையென்றால் வைத்துவிடுங்கள், அதை மறுபடி தேடிப் பயன்படுத்த முடியாது.

பிறகு நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து முழுதாகப் படியுங்கள். முதல் பக்கம் வேண்டாம், எல்லா ஆசிரியரும் முதல் பக்கத்தை எளிமையாகத்தான் எழுதுவார்கள். அந்த நடுப் பக்கத்தில் விளக்கம் தராமல் விட்ட, உங்களுக்குத் தெரியாத சொற்களை விரல்விட்டு எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் சரி. ஐந்தைத் தாண்டினால் இன்னொரு நூலைத் தாண்டித்தான் இதற்கு வரவேண்டும். அடிக்குறிப்பையும் பாருங்கள். பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு என்றால் மற்ற அறிஞர்களோடு நடக்கும் உரையாடல் அது. அந்த அறிஞர்கள் யாரென்று தெரியாதவருக்குப் பாதி உரையாடல்தான் கேட்கும்.

கத்தோலிக்க வெளியீடுகளில் ஆயரின் அச்சிட அனுமதி இருக்கும். விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் முரணானது இல்லை என்பதற்குத்தான் அது சான்று. நூலின் ஒவ்வொரு கருத்தையும் ஆயர் ஒப்புக்கொண்டார் என்றோ, நூல் எளிது என்றோ அதற்குப் பொருள் இல்லை.

சொல்லாய்வு செய்கிற நூல்களைச் சோதிப்பது

கிரேக்கச் சொல்லைச் சொல்லி அசத்துகிற புத்தகங்கள் நிறைய உண்டு. பிரசங்க மேடையில் நன்றாக எடுபடும். அதனாலேயே கவனம் வேண்டும்.

யோவான் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இயேசு பேதுருவிடம் மூன்று தடவை கேட்கிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் முதல் இரண்டு கேள்வியில் ‘அன்பாயிருக்கிறாயா’, பேதுருவின் பதிலில் ‘நேசிக்கிறேன்’ என்று சொல் வித்தியாசம் தெரிகிறது. கிரேக்கத்தில் அகபாவோ, ஃபிலேயோ. ‘அகபே என்றால் தெய்வீக அன்பு, ஃபிலேயோ என்றால் மனித நட்பு’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால், அந்த நூல் சோதிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பிதா குமாரனை நேசிப்பதை யோவான் 3:35-இல் அகபாவோ என்றும், 5:20-இல் ஃபிலேயோ என்றும் அதே ஆசிரியர் எழுதியிருக்கிறார். தேமா இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்துப் போனான் என்று பவுல் சொல்லும் 2 தீமோத்தேயு 4:10-இல் இருப்பது அகபாவோதான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அம்னோன் தாமார்மேல் கொண்ட மோகத்துக்கும் (2 சாமுவேல் 13) அதே சொல். நல்ல அறிமுக நூல் இந்த நாலு இடத்தில் ஒன்றையாவது காட்டி எச்சரிக்கும். ஆய்வு நூல் எல்லாவற்றையும் வைத்து, யோவானுடைய நடையில் சொல்மாற்றம் வெறும் பழக்கமா என்று வாதிடும்.

ரோமர் 1:16-இல் ‘டுனாமிஸ்’ என்ற சொல்லிலிருந்து ‘டைனமைட்’ வந்தது, ஆகவே சுவிசேஷம் வெடிமருந்து என்கிற பேச்சும் இதே ரகம். ஆல்ஃபிரெட் நோபல் டைனமைட் கண்டுபிடித்தது 1867-இல். பவுலுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் ஸ்ட்ராங் எண் என்று ஓர் எண் கொடுத்த அகராதிகளைப் பயன்படுத்துகிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் அதைத் தொகுத்தது ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்து. ஒரு சொல்லுக்குக் கீழே உள்ள பட்டியலில் பெரும்பகுதி, அந்த மொழிபெயர்ப்பு எங்கெங்கே எப்படி மாற்றியது என்பது. எல்லா அர்த்தமும் எல்லா இடத்திலும் சேர்ந்து வராது. தமிழில் ‘அடி’ என்ற சொல்லை எடுங்கள். பாதம், கீழ்ப்பகுதி, பாட்டின் வரி, நீள அளவு, அடிப்பது என்று போகும். ‘குறள் இரண்டு அடி’ என்ற வாக்கியத்தில் இவை எல்லாவற்றையும் ஏற்றினால் என்ன ஆகும்? கிரேக்கச் சொல்லுக்கும் அதே நியாயம்தான்.

ஆய்வு நூலுக்குப் போகவேண்டிய நேரம்

அறிமுக நூல் ஒன்றை, ஒரு வேதாகமப் புத்தகத்தோடு சேர்த்து, பென்சில் கையில் வைத்து முடித்திருக்கவேண்டும். நாளைக்கு எட்டுப் பக்கம் என்றால் 250 பக்க நூல் ஒரு மாதத்தில் முடியும். முடித்த பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை, அதைப் பற்றி இரண்டு விளக்கவுரைகள் முரண்படுகின்றன, ஏன் முரண்படுகின்றன என்று ஒரு வரியில் உங்களால் சொல்ல முடிகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஆய்வு நூல் வாங்குங்கள். அறிமுக நூல்களையே ஐந்தாறு வாங்கி அடுக்குவது எதிர்த் தவறு. இரண்டாவது அறிமுக நூல் முதலாவது சொன்னதில் பெரும்பகுதியைத் திரும்பச் சொல்லும்.

எப்படிப்பட்ட முடிச்சு ஆய்வு நூலைக் கேட்கும்? 1 யோவான் 5:7-ஐப் பாருங்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று இருக்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்த வரி இல்லை. கல்யாண வீட்டில் இரண்டு சபைக்காரர்கள் உட்கார்ந்து பேசினால் வாக்குவாதம் வரக்கூடிய இடம். இராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இந்த வரி இல்லை, 1522 பதிப்பில்தான் சேர்த்தார். காரைக்குடிக் கம்பன் விழாவில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல் என்று தனியே பிரித்து வைப்பதில்லையா? ஏடுகளை ஒப்பிட்டுத்தான் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்ததால் கம்பன் குறைந்துபோகவில்லை. இந்த ஒப்பீட்டு வேலைக்கு மூலபாட ஆய்வு என்று பெயர். அதற்கென்றே எழுதிய நூல் வேண்டும். அறிமுக நூலின் ஒரு பத்தி போதாது.

நிருபங்களில் வேறு மாதிரி முடிச்சு. 1 கொரிந்தியர் 7:1, “நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து” என்று தொடங்குகிறது. அவர்கள் எழுதின கடிதம் நம் கையில் இல்லை. 5:9-இல் தாம் முன்பு எழுதிய இன்னொரு கடிதத்தையும் பவுல் குறிப்பிடுகிறார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர் ரங்கூனிலிருந்து எழுதிய பழைய கடிதம் ஒன்று வளவு வீட்டுப் பெட்டியில் கிடைத்தால், ‘நீங்கள் கேட்ட அந்தக் காரியம்’ என்பது எதுவென்று தெரியாமல் எப்படித் தவிப்போமோ அதே நிலை. கொரிந்து நகரம், அதன் வீடுகள், விருந்துகள், அடிமை முறை பற்றிய ஆய்வு நூல்கள் அந்த இல்லாத கடிதத்தை ஊகிக்க உதவுகின்றன. ஊகம் என்பதை ஆசிரியர் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். ‘இருக்கலாம்’ என்று ஓர் அதிகாரத்தில் எழுதி, அடுத்த அதிகாரத்தில் ‘நாம் பார்த்தபடி’ என்று உறுதியாக்குகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கிரேக்கம், எபிரேயம் தெரியாமல் ஆய்வு விளக்கவுரையைப் படிக்க முடியுமா? அமைப்பு தெரிந்தால் முடியும். ‘வேர்ட் பிப்ளிக்கல் கமென்டரி’ வரிசையில் ஒவ்வொரு பகுதியும் நூற்பட்டியல், மொழிபெயர்ப்பு, குறிப்புகள், வடிவமும் சூழலும், விரிவுரை, விளக்கம் என்று வரும். குறிப்புகள் முழுக்க மூலமொழி வாதம். அதை விட்டு, கடைசியில் உள்ள விளக்கத்தை முதலில் படித்து, தேவையான இடத்துக்கு மட்டும் விரிவுரைக்குப் பின்னோக்கிப் போங்கள். ‘சாக்ரா பாஜினா’ என்ற கத்தோலிக்கப் புதிய ஏற்பாட்டு வரிசையில் மொழிபெயர்ப்பு, குறிப்பு, விளக்கம் என்று மூன்றே அடுக்கு, இன்னும் வசதி. ‘என்.ஐ.வி. அப்ளிகேஷன்’ வரிசை ஆய்வு நூல்போல் தோன்றினாலும், அன்றைய பொருள், இடையே பாலம், இன்றைய பொருத்தம் என்று பிரித்திருப்பதால் நடுப்படிக்குச் சரியாக இருக்கும்.

அந்த நடுப்படியில் இரண்டு நூல்கள் எல்லாச் சபையாருக்கும் பயன்படும். 1993-இல் திருப்பீட விவிலிய ஆணையம் வெளியிட்ட ஆவணம், வரலாற்றுத் திறனாய்வு முதல் கதையாடல் ஆய்வு, விடுதலை நோக்கு, பெண்ணிய நோக்கு வரை ஒவ்வொரு முறையும் என்ன தரும், எங்கே சறுக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறது. திருநெல்வேலியில் பேராயராக இருந்த ஸ்டீபன் நீல் 1964-இல் எழுதிய புதிய ஏற்பாட்டு விளக்க வரலாறு, 1861 முதல் 1961 வரை அறிஞர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதைக் கதைபோலச் சொல்லும். ஆய்வு நூலின் அடிக்குறிப்பில் வரும் பெயர்கள் அதைப் படித்த பிறகு அந்நியமாகத் தெரியாது. கத்தோலிக்கர் இவற்றுக்கு முன்னால், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தந்த இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 12-ஆம் எண்ணைப் படித்துவிடலாம். மொத்தமே 26 எண்கள்தான்.

வெளிப்படுத்தல் புத்தகம் என்றால் தனிக் கவனம்

நம் பக்கத்தில் அதிகம் விற்பது இதைப் பற்றிய நூல்கள். அறிமுகமும் இல்லாமல் ஆய்வும் இல்லாமல் நடுவே நிற்பவையும் இதில்தான் அதிகம். விலை கொடுக்குமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். அது எழுதப்பட்ட காலத்து நிகழ்ச்சி, சபை வரலாற்றின் தொடர், கடைசிக் காலம், எக்காலத்துக்குமான அடையாள மொழி என்று நான்கு விதமாக இதைப் படிக்கிறார்கள். இந்த நான்கும் உண்டு என்றாவது நூல் சொல்கிறதா? இரண்டாவது, இன்றைய துருக்கியில் இருந்த ஏழு சபைகளுக்கு அனுப்பிய நூல் இது என்பதற்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறது? அந்தச் சபைகளை இரண்டு பத்தியில் முடித்துவிட்டு, நாளிதழ்ச் செய்திகளுக்கு இருநூறு பக்கம் கொடுத்தால் வாங்காதீர்கள். 13:18-இல் 666 என்ற எண்ணுக்குச் சில பழைய பிரதிகளில் 616 என்று இருப்பதையும், இரண்டாம் நூற்றாண்டிலேயே சபைத் தந்தை இரேனியு அதை அறிந்து மறுத்ததையும் ஆய்வு நூல் கட்டாயம் பேசும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா

அறிமுகம் தமிழில் கிடைத்தால் தமிழிலேயே படியுங்கள். முறை மனதில் தங்குவது தாய்மொழியில்தான். சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கமும், திண்டிவனத்தில் உள்ள விவிலிய நடுநிலையமும் பல ஆண்டுகளாகத் தமிழில் வெளியிட்டு வருகின்றன. தேடும்போது இரண்டு சொல்வழக்கிலும் கேளுங்கள். சங்கீதம் என்றால் ஒரு கடையில் கிடைக்கும், திருப்பாடல் என்றால் இன்னொரு கடையில். அப்போஸ்தலர் நடபடிகளும் திருத்தூதர் பணிகளும் ஒன்றே. வியாக்கியானம், விளக்கவுரை, விவிலிய விளக்கம் மூன்று பெயரிலும் நூல்கள் உண்டு. சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் 66 புத்தகம், கத்தோலிக்கரின் விவிலியத்தில் 73 என்பதால், பழைய ஏற்பாட்டு நூல் வாங்கும்போது எந்தப் பட்டியலை வைத்து எழுதியது என்பதையும் பாருங்கள்.

மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால், மூலநூலின் பெயரும் ஆண்டும் அச்சிட்டிருக்கவேண்டும். ஒரே கலைச்சொல்லை மூன்று பக்கத்தில் மூன்று விதமாக மாற்றியிருக்கிறார்களா, அடிக்குறிப்புகளை வெட்டிவிட்டார்களா என்று பாருங்கள். அறிமுக நூலில் அடிக்குறிப்பு போனால் தாங்கலாம். ஆய்வு நூலில் போனால் ஆதாரமே போயிற்று. ஆய்வு நிலைக்கு வந்துவிட்டால் ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது. விலையைப் பார்த்து மலைக்கவேண்டாம். பெரிய ஆங்கில நூல்கள் சிலவற்றுக்குக் குறைந்த விலையில் இந்தியப் பதிப்பு உண்டு, கடைக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள்.

வாங்காமலும் படிக்கலாம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களின் நூலகத்தில் வெளியார் படிக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே போனில் கேட்டு, உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். ஆய்வு நூலை முழுதாகப் படிக்க அங்கே நேரம் கிடைக்காது, தேவையும் இல்லை. வசன அட்டவணையில் உங்கள் வசனத்தைப் பிடித்து, அந்தப் பத்துப் பதினைந்து பக்கத்தைக் குறிப்பெடுத்தால் வந்த வேலை முடிந்தது. கேம்பிரிட்ஜ் டிண்டேல் ஹவுஸில் உருவான ‘ஸ்டெப் பைபிள்’ என்ற இணையதளம் இலவசம். வசனத்துக்குக் கீழே உள்ள கிரேக்க, எபிரேயச் சொல்லையும், அதே சொல் வேறு எங்கெங்கே வருகிறது என்பதையும் போனிலேயே பார்த்துவிடலாம்.

நாலு பேர் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது. ஆளுக்கோர் அறிமுக நூல் எல்லாரிடமும் இருக்கட்டும், அது கோடு போட்டுப் படிக்கிற புத்தகம். விளக்கவுரைகளை மட்டும் பொதுவில் வாங்கி, இவ்வருடம் எந்த வேதாகமப் புத்தகம் என்று முடிவுசெய்து, அதற்கு மட்டும் இரண்டு விளக்கவுரை எடுங்கள். இரண்டும் ஒரே சபைப் பின்னணியிலிருந்து வரக்கூடாது. முழு வேதாகமத்துக்குமான தொகுப்பை ஒரே தடவையில் வாங்கவேண்டாம். நல்ல வரிசைகளில்கூட ஒவ்வொரு தொகுதியை ஒவ்வொருவர் எழுதியிருப்பார், தரமும் தொகுதிக்குத் தொகுதி மாறும். அடுத்த பயணத்துக்கு முன் அந்தத் துண்டுச் சீட்டைப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய சீட்டைப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டி, பதில் கிடைத்த பக்க எண்ணை அதன் பக்கத்தில் குறித்து வையுங்கள்.